பக்கத்து ஊர் மேடையில் அமெரிக்க நாடகங்கள்: எதை முதலில் பார்ப்பது, எதைத் தள்ளி வைப்பது

நான் செய்த தவறிலிருந்தே ஆரம்பிக்கிறேன். அமெரிக்கா வந்த இரண்டாவது வருடம். பக்கத்து ஊரில் யூஜின் ஓ'நீல் நாடகம் போடுகிறார்கள் என்று கேள்விப்பட்டேன். நோபல் பரிசு வாங்கியவர் ஆயிற்றே என்று, ஒரு வெள்ளிக்கிழமை ஆபீஸ் விட்ட கையோடு, சரியாகச் சாப்பிடக்கூட இல்லாமல், மனைவியையும் கூட்டிக்கொண்டு போய் உட்கார்ந்துவிட்டேன். நாடகம் 'லாங் டேஸ் ஜர்னி இன்டு நைட்'. மூன்றரை மணி நேரம். ஒரே வீடு, ஒரே நாள். அப்பா, அம்மா, இரண்டு மகன்கள், ஒரு வேலைக்காரப் பெண். ஒருவரையொருவர் குத்திக் காட்டுவதும், உடனே சமாதானம் சொல்வதும், மறுபடி குத்துவதுமாகப் போகிறது. பனிமூட்டத்தில் கப்பல்களை எச்சரிக்க ஊதும் சங்கு ஒன்று அவ்வப்போது ஊதும். மூன்றாம் அங்கத்தில் அது ஊதியபோதுதான் நான் விழித்துக்கொண்டேன். மனைவி என்னை ஒரு பார்வை பார்த்தாள். அதற்கப்புறம் இரண்டு வருடம் நான் 'நாடகம்' என்று வாயெடுத்தாலே அவளுக்கு அன்றைக்கு வேறு வேலை இருக்கும்.

நாடகத்தின் மேல் தப்பில்லை. அது பெரிய நாடகம்தான். நான் எடுத்த எடுப்பில் அதற்குப் போனதுதான் தப்பு. கனமான நாவலை ஆரம்பப் பள்ளிப் பையன் கையில் கொடுத்த மாதிரி ஆகிவிட்டது. அதனால் இந்தக் கட்டுரையில் டிக்கெட், இருக்கை போன்ற சில்லறை விஷயங்களைவிட, எந்த வரிசையில் பார்ப்பது என்பதற்குத்தான் அதிக இடம் கொடுக்கப் போகிறேன்.

இது என்ன தியேட்டர்?

தியேட்டர் என்றதும் நமக்கு சினிமாக் கொட்டகைதான் ஞாபகத்துக்கு வரும். அமெரிக்காவில் அது நாடக அரங்கையும் குறிக்கும். கம்யூனிட்டி தியேட்டர் என்பது ஊர்க்காரர்களே சேர்ந்து நடத்தும் நாடகக் குழு. நடிகர்களுக்குச் சம்பளம் கிடையாது. பகலில் பல் டாக்டர் கிளினிக்கில் அப்பாயின்ட்மென்ட் எழுதுபவர், பள்ளிக்கூட பஸ் ஓட்டுபவர், ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார் என்று பலதரப்பட்டவர்கள் இருப்பார்கள். ஆறேழு வாரம் சாயங்கால ஒத்திகை, அப்புறம் இரண்டு மூன்று வார இறுதிகள் மேடை. பேங்கில் வேலை பார்த்துவிட்டு சாயங்காலம் சபாவில் அரிதாரம் பூசியவர்களைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது ஒன்றும் புதிதல்ல.

அமெச்சூர்தானே என்று இளக்காரமாக நினைக்க வேண்டாம். அமெரிக்காவின் நவீன நாடகத்துக்கு அமெச்சூர்கள்தான் ஆரம்பப் புள்ளி. 1916 கோடையில் மாசசூசெட்ஸ் கடற்கரையில் ப்ராவின்ஸ்டவுன் என்ற ஊரில், படகுத்துறை மேல் இருந்த ஒரு பழைய மீன் கொட்டகையில் நண்பர்கள் கூடி மேடை போட்டார்கள். எனக்குத் தூக்கம் வரவழைத்த அதே ஓ'நீலின் நாடகம் ஒன்று முதன்முதலாக மேடையேறியது அங்கேதான். நெப்ராஸ்காவில் ஒமாஹா கம்யூனிட்டி ப்ளேஹவுஸ் 1924-இல் தொடங்கியது. அதைத் தொடங்கியவர்களில் டோரதி பிராண்டோ என்ற பெண்மணியும் ஒருவர். நடிப்பு என்றால் என்னவென்றே தெரியாத இருபது வயதுப் பையன் ஒருவனை அவர் இழுத்து மேடையில் நிறுத்தினார். அந்தப் பையன்தான் பின்னாளில் ஹாலிவுட் நட்சத்திரமான ஹென்றி ஃபோண்டா. டோரதியின் சொந்த மகன் இன்னொரு நட்சத்திரம், மார்லன் பிராண்டோ.

படி 1: எங்கே நடக்கிறது என்று கண்டுபிடிப்பது

உங்கள் ஊர், கவுண்டி (நம் மாவட்டம் மாதிரி) பெயரோடு 'கம்யூனிட்டி தியேட்டர்' என்று தேடுங்கள். எல்லாக் குழுவும் அந்தப் பெயரை வைத்துக்கொள்வதில்லை. 'ப்ளேயர்ஸ்', 'ப்ளேஹவுஸ்', 'சிவிக் தியேட்டர்', 'லிட்டில் தியேட்டர்' என்றெல்லாம் இருக்கும். 'லிட்டில்' என்றால் குழந்தைகளுக்கானது என்று நினைத்து நான் ஒரு வருடம் ஒரு நல்ல குழுவைத் தவறவிட்டேன். அது 1910-களில் பெரிய வியாபார நாடகங்களுக்கு மாற்றாகக் கிளம்பிய இயக்கத்தின் பெயர். நூலகத்தின் அறிவிப்புப் பலகையையும் ஒரு பார்வை பாருங்கள். சின்னக் குழுக்கள் இன்னமும் காகிதத்தை நம்புகிறவை.

பெரும்பாலான குழுக்களுக்கு ஆண்டுக் கணக்கு செப்டம்பரில் தொடங்கி ஜூனில் முடியும். ஐந்தாறு நாடகம் போடுவார்கள். பாட்டு நடனத்தோடு ஒன்று, கிறிஸ்துமஸுக்கு ஒன்று, கொலை மர்மம் ஒன்று, சிரிப்பு நாடகம் ஒன்று. கல்லாப் பெட்டியை நிரப்புவது இவைதான். நடுவில் ஒரு கனமான நாடகம் இருக்கும். குழுவில் நன்றாக நடிக்கத் தெரிந்தவர்கள் ஆசைப்பட்டுக் கேட்டு வாங்குவது அதைத்தான். நாம் தேடுவதும் அதைத்தான். பட்டியலில் ஒரு பெயரின் பின்னால் 'ஜூனியர்' என்று இருந்தால் அது பிள்ளைகள் நடிக்கும் சுருக்கப்பட்ட இசை நாடகம். அது வேறு சமாச்சாரம்.

படி 2: எதை முதலில் பார்ப்பது

முதல் நாடகமாக நான் யாருக்கும் சொல்வது 'ட்வெல்வ் ஆங்ரி மென்'. அப்பாவைக் கொன்றதாக ஒரு பையன் மேல் வழக்கு. தீர்ப்புச் சொல்லவேண்டிய பன்னிரண்டு ஜூரிகள் ஒரு புழுக்கமான அறையில் அடைபட்டிருக்கிறார்கள். முதல் ஓட்டில் பதினொரு பேர் 'குற்றவாளி' என்கிறார்கள், ஒருவர் மட்டும் இல்லை என்கிறார். அவ்வளவுதான் கதை. ரெஜினால்ட் ரோஸ் 1954-இல் தொலைக்காட்சிக்காக எழுதியது இது. 1957-இல் படமாக வந்தபோது அந்த ஒற்றை ஆளாக நடித்தவர் மேலே சொன்ன ஃபோண்டா. முதல்முறை போகிறவருக்கு இதில் ஒரு பெரிய சௌகரியம் உண்டு. பாத்திரங்களுக்குப் பெயரே கிடையாது, எண்கள்தான். அதனால் யார் யாருக்கு மாமன் மச்சான் என்று குழம்ப வேண்டியதில்லை. ஊர்க் குழுக்கள் இதைப் பல சமயம் 'ட்வெல்வ் ஆங்ரி ஜூரர்ஸ்' என்று பெயர் மாற்றி, ஆணும் பெண்ணும் கலந்து போடுவார்கள். காரணம் எளிது. நடிக்க வாய்ப்புக் கேட்டு வருகிறவர்களில் எப்போதும் பெண்களே அதிகம், பழைய நாடகங்களிலோ ஆண் வேடங்கள்தான் அதிகம்.

இரண்டாவது, தார்ன்டன் வைல்டரின் 'அவர் டவுன்'. 1938-இல் வந்தது. இதைச் சின்ன மேடையில்தான் பார்க்கவேண்டும் என்பது என் கட்சி. ஏனென்றால் நாடகத்திலேயே செட் கிடையாது. இரண்டு மேஜை, கொஞ்சம் நாற்காலிகள், மாடி ஜன்னலுக்குப் பதிலாக இரண்டு ஏணிகள். 'ஸ்டேஜ் மேனேஜர்' என்ற பெயரில் ஒருவர் வந்து, இது நியூ ஹாம்ப்ஷயரில் உள்ள சின்ன ஊர், இங்கே சர்ச், அங்கே மருந்துக்கடை என்று கையால் காட்டுவார். நம் கூத்தில் கட்டியங்காரன் செய்கிற வேலை மாதிரி. கையில் பாத்திரமோ சாமானோ எதுவும் இருக்காது. நான் இரண்டாவது வரிசையில் உட்கார்ந்து பார்த்தேன். முதல் அங்கத்தில் பக்கத்து வீட்டுப் பெண்கள் இரண்டு பேர் உட்கார்ந்து பீன்ஸுக்கு நார் உரிப்பார்கள். பீன்ஸ் இல்லை, மடியில் பாத்திரமும் இல்லை. அந்த வயதான நடிகை கட்டைவிரல் நகத்தால் காம்பைக் கிள்ளி, நாரை ஒரே இழுப்பாக இழுத்து, அது நடுவில் அறுந்துபோனதும் மறுமுனையிலிருந்து திருப்பி இழுத்தார். இல்லாத நார் அறுந்துபோனது எனக்குத் தெரிந்தது. ஐம்பது வருடம் சமையலறையில் நின்ற கை அது என்று நினைத்துக்கொண்டேன்.

முதல் இரண்டு அங்கம் சாதாரணமாகப் போகும். பால்காரர் வருவார், பள்ளிக்கூடம், கல்யாணம். "இதில் என்ன இருக்கிறது?" என்று இடைவேளையில் கிளம்பிவிடாதீர்கள். மூன்றாம் அங்கம் இடுகாட்டில் நடக்கிறது. அதற்கு மேல் சொல்லமாட்டேன்.

மூன்றாவது, ஆர்தர் மில்லரின் 'ஆல் மை சன்ஸ்' (1947). இதற்கு முன், நியூயார்க்கின் பெரிய நாடக அரங்குகள் இருக்கும் பிராட்வேயில் அவருடைய நாடகம் ஒன்று நாலே காட்சியில் படுத்துவிட்டது. இதுதான் அவரைத் தூக்கி நிறுத்தியது. போர்க்காலத்தில் விமான எஞ்சினுக்கு விரிசல் விட்ட பாகங்களை அனுப்பிய தொழிற்சாலை, அதனால் செத்துப்போன 21 விமானிகள், ஜெயிலுக்குப் போன கூட்டாளி, வீட்டில் சௌக்கியமாக இருக்கிற முதலாளி. எல்லாம் ஒரு வீட்டின் பின்புறத் தோட்டத்தில், ஒரு நாளைக்குள் நடந்து முடிகிறது. துப்பறியும் கதை மாதிரி ஒவ்வொன்றாக அவிழும். அதனால் கவனமாகக் கேட்கவேண்டும். இரண்டாம் அங்கத்தில் அம்மா தன் கணவரின் உடம்பைப் பற்றிப் போகிற போக்கில் ஒரு வாக்கியம் சொல்வார். பெருமையாகத்தான் சொல்வார். அந்த இடத்தில் தொண்டையைச் செருமிக்கொண்டிருந்தால் நாடகமே கைநழுவிவிடும்.

இந்த மூன்றையும் பார்த்துவிட்டால் மேடை ஆங்கிலம் காதுக்குப் பழகியிருக்கும். அப்புறம் கீழே உள்ளவற்றில் எது முதலில் வருகிறதோ அதற்குப் போகலாம்.

டென்னசி வில்லியம்ஸின் 'த கிளாஸ் மெனாஜரி' 1944 டிசம்பரில் சிகாகோவில் முதலில் மேடையேறியது. நான்கே பாத்திரங்கள். நம்மவர்களுக்கு இதை நான் ஒரே வரியில் அறிமுகம் செய்வேன்: பெண் பார்க்கும் படலம். கால் சற்றுச் சாய்த்து நடக்கும், வெளியே போகக் கூச்சப்படும் மகள். அவளை எப்படியாவது கரைசேர்க்கத் துடிக்கும் அம்மா. செருப்புக் கிடங்கில் வேலை பார்த்துக்கொண்டு கவிதை எழுதும் தம்பி. அவன் தன்னோடு வேலை பார்க்கும் ஒருவரைச் சாப்பிட அழைத்து வருகிறான். அம்மா கடன்பட்டு சோபாவுக்கு உறை, புதுத் திரை, புது விளக்கு எல்லாம் போட்டு வீட்டை ஜோடிக்கிறார். சாப்பாடு முடிகிற நேரம் கரண்ட் போய்விடுகிறது. பையன் மின்கட்டணப் பணத்தை எடுத்துக் கப்பல் தொழிலாளர் சங்கத்துக்குச் சந்தா கட்டியிருக்கிறான், வீட்டைவிட்டு ஓடிப்போக. அதற்கப்புறம் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் அந்தப் பெண்ணும் வந்தவரும் பேசும் காட்சி வரும். அரங்கு சின்னதாக இருந்தால் இருபது முப்பது அடி தூரத்தில் ஒரு மெழுகுவர்த்தியும் இரண்டு முகங்களும். பெரிய அரங்கில் பால்கனியில் உட்கார்ந்து இதைப் பார்த்தால் பாதிதான் கிடைக்கும்.

லோரைன் ஹான்ஸ்பெரியின் 'எ ரெய்சின் இன் த சன்' 1959-இல் வந்தது. பிராட்வேயில் மேடையேறிய முதல் கறுப்பினப் பெண் நாடகாசிரியர் அவர். அப்போது அவருக்கு வயது 28. சிகாகோவில் நெருக்கடியான ஒரு குடியிருப்பு. கழிப்பறை வெளியே, பக்கத்து வீட்டோடு பொதுவில். இறந்துபோன அப்பாவின் இன்சூரன்ஸ் பணம் பத்தாயிரம் டாலர் வரப்போகிறது. மகனுக்குச் சாராயக் கடையில் பங்கு போடவேண்டும், மகளுக்கு டாக்டருக்குப் படிக்கவேண்டும், அம்மாவுக்கு வெளிச்சம் வருகிற ஒரு வீடு வேண்டும். செக் வருகிற காட்சியைப் பாருங்கள். நாள்கணக்காகக் காத்திருந்தவர்கள், கவர் கைக்கு வந்ததும் பேச்சு நின்றுபோய் நிற்பார்கள். அந்த அம்மா கவரைப் பிரித்து, பூஜ்யங்கள் சரியாக இருக்கிறதா பார் என்று பேரனிடம் கேட்பார். கொஞ்சநேரம் கழித்து முகம் மாறும். ஒரு மனுஷனின் ஆயுள் அந்தக் காகிதத்தில் இருக்கிறது. எல்.ஐ.சி. பணம் வந்து பார்த்த எந்த வீட்டுக்கும் அந்த அமைதி தெரியும்.

வீடு வாங்குவது வெறும் கதையல்ல. ஹான்ஸ்பெரியின் அப்பா 1937-இல் வெள்ளையர் பகுதியில் வீடு வாங்கி, கூட்டம் கூடிக் கல்லெறிந்து, வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய் 1940-இல்தான் முடிந்தது.

இந்த நாடகம் எல்லா ஊரிலும் அமையாது. கறுப்பின நடிகர்கள் போதுமான அளவு இல்லாத குழுவால் இதைப் போட முடியாது, போடவும் கூடாது. ஆகஸ்ட் வில்சனின் நாடகங்களும் அப்படியே. இருபதாம் நூற்றாண்டின் ஒவ்வொரு பத்தாண்டுக்கும் ஒன்றாகப் பத்து நாடகம் எழுதினார் அவர். அதில் ஒன்பது பிட்ஸ்பர்க்கின் ஒரே பேட்டையில் நடக்கின்றன. 'ஃபென்சஸ்' அவற்றில் முதலில் பார்க்கவேண்டியது. குப்பை லாரியில் வேலை பார்க்கும் முன்னாள் பேஸ்பால் ஆட்டக்காரர், அவர் மகன், நடுவில் கட்டி முடியாத ஒரு வேலி. இவற்றுக்கு நகரங்களில் உள்ள கறுப்பின நாடக அரங்குகளைத் தேடிப் போகவேண்டும். கிளீவ்லாந்தில் உள்ள கராமு ஹவுஸ் 1915-இலிருந்து இருக்கிறது.

ஆங்கிலம் வேகமாகப் போனால் பிடிபடாது என்று தயங்குகிறவர்கள், அல்லது ஊரிலிருந்து அப்பா அம்மா வந்திருப்பவர்கள், 'த மிராக்கிள் வொர்க்கர்' வந்தால் போகலாம். கண்ணும் காதும் இல்லாத ஹெலன் கெல்லர், அவருடைய டீச்சர் ஆன் சல்லிவன். சாப்பாட்டு மேஜையில் ஸ்பூனால் சாப்பிட வைக்க இருவரும் போடும் சண்டையில் பல நிமிடங்களுக்கு வசனமே இல்லை. தட்டு பறக்கும், நாற்காலி கவிழும். என் மாமியார் முன்சீட்டைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றுவிட்டார். அலபாமாவில் டஸ்கம்பியா என்ற ஊரில், ஹெலன் பிறந்த வீட்டு வளாகத்திலேயே கோடையில் திறந்தவெளியில் இதைப் போடுகிறார்கள்.

'த க்ரூசிபிள்' மில்லரின் 1953 நாடகம். மாசசூசெட்ஸில் உள்ள சேலம் ஊரில் (நம் சேலம் அல்ல) 1692-இல் சூனியக்காரிகள் என்று சொல்லி 19 பேரைத் தூக்கில் போட்ட கதை. கம்யூனிஸ்ட் வேட்டை நடந்துகொண்டிருந்த காலத்தில் அதைக் குத்திக்காட்டி எழுதியது. இருபது பேருக்கு மேல் வேஷம் இருப்பதால் ஊர்க் குழுக்களுக்கும் பள்ளிகளுக்கும் செல்லம். ஆனால் முதல் அங்கத்தில் பெயர்கள் மழையாகக் கொட்டும், பேச்சும் பழைய காலத்துப் பேச்சு. ப்ராக்டர், எலிசபெத், அபிகெய்ல், மேரி வாரன், பாதிரியார் ஹேல் ஆகிய ஐந்து பெயரை மட்டும் மனசில் வைத்துக்கொண்டு போங்கள், போதும். இதை வரலாறு என்று நம்பிவிடவும் வேண்டாம். நிஜ அபிகெய்லுக்கு அப்போது 11 வயதுதான். காதல் விவகாரத்துக்காக மில்லர் 17 ஆக்கினார்.

'டெத் ஆஃப் எ சேல்ஸ்மேன்' (1949) பற்றிக் கொஞ்சம் நின்று சொல்லவேண்டும். இதை முதலில் பார்த்துக் குழம்பாதவர்கள் குறைவு. அறுபத்துமூன்று வயது வில்லி லோமன் வீட்டுக்குள் நடந்துகொண்டே பழைய காலத்துக்குப் போய்விடுவார். மேடையில் திரை விழாது, யாரும் அறிவிக்கமாட்டார்கள். இதற்கு மில்லர் ஓர் அடையாளம் எழுதி வைத்திருக்கிறார். இன்றைக்கு நடக்கும் காட்சியில் நடிகர்கள் கண்ணுக்குத் தெரியாத சுவர்களை மதித்து, வாசல் வழியாகத்தான் போய்வருவார்கள். பழைய நினைவு என்றால் அந்தச் சுவர்களின் வழியாகவே நடந்து போய்விடுவார்கள். இதைத் தெரிந்துகொண்டு போனால் பாதிக் குழப்பம் தீர்ந்தது.

மீதி எல்லாம் நமக்குத் தெரிந்த வீடுதான். தவணை கட்டி முடிப்பதற்குள் பழுதாகிப்போகும் ஃபிரிட்ஜ். இருபத்தைந்து வருட வீட்டுக் கடன். பெரியவன் உருப்படவில்லையே என்ற ஏக்கம். நான் பார்த்த குழுவில் வில்லியின் மனைவி லிண்டாவாக நடித்தவர் எங்கள் ஊர் நூலகத்தில் என் பிள்ளைகளுக்குப் புத்தகம் எடுத்துத் தருபவர். வில்லி தன்னைவிட வயதில் சின்ன முதலாளியிடம் போய், ஊர் சுற்ற முடியவில்லை, உள்ளூரில் வேலை கொடு என்று கேட்கும் காட்சி ஒன்று இருக்கிறது. அந்தப் பையன் புதிதாக வாங்கிய ஒலிப்பதிவுக் கருவியில் தன் குழந்தையின் குரலைப் போட்டுக் காட்டிக்கொண்டே இருப்பான். வில்லி வாரம் 65 டாலர் கேட்பார். பிறகு 50. பிறகு 40. அன்று அரங்கில் என் முன்வரிசையில் உட்கார்ந்திருந்த ஒருவர், அந்த நாற்பதைக் கேட்டதும் குனிந்து தன் ஷூவைப் பார்த்தார். நிமிரவே இல்லை.

'ட்ரைஃபிள்ஸ்' என்று அரைமணி நேர நாடகம் ஒன்று, ஓரங்க நாடக விழாக்களில் கண்ணில் படும். படகுத்துறையில் ஓ'நீல் மேடையேறிய அதே கோடையில் சூசன் கிளாஸ்பெல் போட்டது. ஆண்கள் மாடியில் கொலைக்குத் துப்புத் தேடிக்கொண்டிருக்க, பெண்கள் அடுப்படியிலேயே எல்லாவற்றையும் கண்டுபிடித்துவிடுவார்கள். கிடைத்தால் விடாதீர்கள். 'ஸ்டீல் மக்னோலியாஸ்' என்று, ஒரு அழகுநிலையத்தில் ஆறு பெண்கள் பேசிக்கொள்ளும் 1987 நாடகமும் அடிக்கடி வரும். கண்ணீரும் சிரிப்புமாக நன்றாகவே போகும்.

படி 3: டிக்கெட்

ஊருக்கு ஊர் வேறுபட்டாலும் பெரும்பாலும் 15-லிருந்து 30 டாலருக்குள் இருக்கும். வெள்ளி, சனி இரவு, ஞாயிறு மதியம் என்பது வழக்கமான அட்டவணை. நான் இரண்டாவது வாரத்து ஞாயிறு மேட்னியைத்தான் எடுப்பேன். முதல் வாரம் வசனம் இன்னும் வாயில் ஒட்டியிருக்காது, கடைசி நாள் எல்லாருக்கும் அழுகை வந்துவிடும். சில குழுக்கள் ஒரு நாள் மட்டும் 'முடிந்ததைக் கொடுங்கள்' என்று விடுவார்கள். கேட்டுப் பாருங்கள்.

முன்வரிசை வேண்டாம். மேடை தாழ்வாக இருந்தால் நடிகரின் எச்சில்கூட மேலே படும். மூன்று, நான்காம் வரிசை நடுப்பகுதி உத்தமம். மேடையைச் சுற்றி மூன்று பக்கமும் இருக்கை இருந்தால் ஓரங்களைத் தவிருங்கள், முதுகுதான் தெரியும். டிக்கெட் வாங்கும்போதே எவ்வளவு நேரம் ஓடும், எத்தனை இடைவேளை என்று கேட்டுவிடுங்கள். என் வீட்டில் இன்றைக்கும் முதல் கேள்வி அதுதான்.

படி 4: போவதற்கு முன்

நாடகத்தின் படத்தைப் பார்த்துவிட்டுப் போகாதீர்கள். பிராண்டோவையோ ஃபோண்டாவையோ மனசில் வைத்துக்கொண்டு போனால், மேடையில் நிற்கும் பஸ் டிரைவர் பாவம். பாத்திரங்களின் பெயர், யார் யாருக்கு என்ன உறவு, எந்த வருடம், எந்த ஊர் என்பது வரை தெரிந்தால் போதும். தெற்கு மாநிலங்களில் நடக்கும் நாடகம் என்றால் நூலகத்தில் புத்தகத்தை எடுத்து முதல் நாலைந்து பக்கத்தை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். அந்த இழுவைப் பேச்சு காதில் விழும்போது அந்நியமாக இருக்காது. காது கொஞ்சம் மந்தமாக இருக்கும் பெரியவர்களுக்கு, பல அரங்குகளில் கேட்புக் கருவி இலவசமாகக் கிடைக்கும்.

படி 5: அரங்குக்குள்

அரைமணி முன்னால் போய்விடுங்கள். தாமதமாக வந்தால் காட்சி மாறும்வரை வெளியே நிறுத்திவிடுவார்கள். அவர்கள் செய்வது சரிதான். வாசலில் சின்ன அறிவிப்பு ஒட்டியிருப்பார்கள்: துப்பாக்கிச் சத்தம் உண்டு, மேடையில் மூலிகைச் சிகரெட் பிடிப்பார்கள், கெட்ட வார்த்தை உண்டு என்று. பிள்ளைகளைக் கூட்டிப் போகிறவர்கள் அதைப் படிக்கவேண்டும். போனை அணைக்கவேண்டும், சைலண்ட் போதாது. இருட்டில் திரை ஒளிர்ந்தால் மேடையிலிருந்தே தெரியும். வீடியோ எடுப்பது மரியாதைக் குறைவு மட்டுமல்ல. குழு ஒவ்வொரு காட்சிக்கும் பணம் கட்டி உரிமம் வாங்கியிருக்கிறது, பதிவு செய்ய அதில் அனுமதி இருக்காது.

தவறுகள் நடக்கும். ஒருமுறை 'ஆல் மை சன்ஸ்' நாடகத்தில் கோபமாகக் கதவைத் திறந்துகொண்டு வரவேண்டியவர் கையோடு கைப்பிடியும் வந்துவிட்டது. அவர் அதை ஒரு நொடி பார்த்தார். பிறகு தோட்ட மேஜை மேல் வைத்துவிட்டு வசனத்தைத் தொடர்ந்தார். அப்பாவாக நடித்தவர் அந்தக் காட்சி முழுக்க அதை எடுத்துக் கையில் உருட்டிக்கொண்டே பேசினார். ஏதோ மில்லரே எழுதி வைத்த மாதிரி இருந்தது.

நல்ல நடிப்பா இல்லையா என்று கண்டுபிடிக்க எனக்கு ஒரு பழக்கம் உண்டு. வசனம் பேசுகிறவரை விட்டுவிட்டு, அதைக் கேட்டுக்கொண்டிருப்பவரைப் பார்ப்பேன். தன் முறைக்குக் காத்திருக்கிறாரா, நிஜமாகவே காதில் வாங்குகிறாரா என்பது முகத்தில் தெரிந்துவிடும்.

இடைவேளையில் லாபியில் காபியும் யாரோ வீட்டில் சுட்ட குக்கீயும் விற்பார்கள். அந்தக் காசில்தான் அடுத்த நாடகத்தின் செட்டுக்கு மரம் வாங்குவார்கள், அதனால் ஒன்று வாங்கிச் சாப்பிடுங்கள். முடிந்ததும் நடிகர்கள் அதே லாபியில் ஒப்பனையோடு வந்து நிற்பார்கள். கூச்சப்பட்டு நழுவிவிடாதீர்கள். 'சூப்பர்' என்பதைவிட, எந்த இடம் பிடித்தது என்று சொல்லுங்கள். அந்த 'அவர் டவுன்' அம்மாவிடம் நான் பீன்ஸ் நாரைப் பற்றிச் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, "நான் பீன்ஸை டப்பாவில்தான் வாங்குவேன், யூடியூப் பார்த்துக் கற்றுக்கொண்டேன்" என்றார்.

படி 6: பிடித்துப்போனால்

வருடம் முழுவதற்கும் சந்தா எடுத்தால் சற்று மலிவு. அதைவிட மலிவு, அஷராகப் போவது. டிக்கெட்டைச் சரிபார்த்து, நிகழ்ச்சித் தாளைக் கொடுத்து, இருட்டில் டார்ச் காட்டி உட்காரவைக்கும் தன்னார்வ வேலை. கறுப்புச் சட்டை, கறுப்பு பேன்ட் போட்டு ஒரு மணி நேரம் முன்னால் போகவேண்டும், வேலை முடிந்ததும் காலியிடத்தில் உட்கார்ந்து இலவசமாகப் பார்க்கலாம். நான் 'சேல்ஸ்மேன்' மூன்று முறை பார்த்தது இப்படித்தான்.

'லாங் டேஸ் ஜர்னி'யை எல்லாவற்றுக்கும் கடைசியில் வையுங்கள். அந்தக் குடும்பம் ஓ'நீலின் சொந்தக் குடும்பம். அம்மாவின் மார்ஃபின் பழக்கம், அப்பாவின் கஞ்சத்தனம், அண்ணனின் குடி எல்லாவற்றையும் 1941-இல் எழுதி முடித்து, தான் செத்து 25 வருடம் கழித்துத்தான் வெளியிடவேண்டும் என்று பூட்டி வைத்தார். 1953-இல் இறந்தார். மனைவி அத்தனை நாள் காத்திருக்கவில்லை, 1956-லேயே மேடையேறிவிட்டது. இதைத் தெரிந்துகொண்டு பார்த்தால் அந்தக் குத்திக்காட்டல்கள் வேறு மாதிரி கேட்கும்.

இந்த மார்ச்சில் நாற்பது மைல் தள்ளி ஒரு குழு அதைப் போடுகிறது. ஞாயிறு மதியம் ஒன்றரை மணிக் காட்சி, நான்காம் வரிசை, இரண்டு டிக்கெட். எவ்வளவு நேரம் என்று இந்தமுறை முன்கூட்டியே சொல்லிவிட்டேன். புளிசாதம் கட்டிக்கொண்டு போய் காரிலேயே சாப்பிட்டுவிட்டு உள்ளே போவது என்று முடிவாகியிருக்கிறது.